காற்றுத் தூரிகை: குறைந்த முதலில் துணியில் வண்ணம் தீட்டும் முறை

கைத்தறித் துணியின்மேல் வண்ணம் தெளித்துப் பூவும் கொடியும் தீட்டி விற்கும் தொழிலில் இறங்க விரும்பி, அதற்குக் கடன் கேட்கும் மனுக்கள் அண்மைக் காலத்தில் நம் பார்வைக்குப் பல வந்துள்ளன. தறியிலிருந்து இறங்கிய வெறும் துப்பட்டா ஒன்றையும், ஓரத்தில் மயில்தோகை படிந்த துப்பட்டா ஒன்றையும் அருகருகே விரித்தால், வாங்குவோர் கை எதன்மேல் போகும் என்று உறுப்பினர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. ஆசை நியாயமானதே. ஆனால் மனுவுடன் இணைந்து வரும் விலைப்பட்டியலைப் புரட்டும்போதுதான் கவலை பிறக்கிறது. தூரிகைக்குப் பெருந்தொகை, காற்றுக்குச் சிறுதொகை, துணியைப் பக்குவம் செய்வதற்கு ஒன்றுமில்லை. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதற்காகவே இப்பாடத்தை எழுதுகிறோம்.

ஏர்பிரஷ் என்று கடைகளில் வழங்கும் இக்கருவியைக் காற்றுத் தூரிகை எனலாம். பேனாவைப் போல் விரல்களுக்குள் அடங்குவது. குழாய் வழியே வரும் அழுத்தக் காற்று, ஒரு நுண்ணிய மூக்கின் வாயைச் சுற்றி வேகமாகப் பாய்கிறது. அவ்விடத்தில் அழுத்தம் குறைவதால் வண்ணம் உறிஞ்சப்பட்டு வெளியே வந்து, காற்றில் சிதறிப் புகைபோல் துணியில் படிகிறது. மூக்கினுள் கூரான ஊசி ஒன்று உண்டு. அது பின்வாங்கும் அளவுக்கு வண்ணம் வரும். விவசாய உறுப்பினர்கள் முதுகில் சுமக்கும் மருந்துத் தெளிப்பானோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. தெளிப்பானில் அழுத்தம் பெறுவது நீர். இங்கே வேலை செய்வது காற்று. தெளிப்பானின் துளி இலையை நனைப்பதற்கு உரியது. இதன் துளி நூலின்மேல் உட்கார்ந்து உடனே உலர்வதற்கு உரியது. மருந்தடித்த தெளிப்பானைக் கழுவி அதில் சாயம் ஊற்றிப் பார்த்த ஒருவரை நாம் அறிவோம். துணி வீணாயிற்று என்பதைவிட, பூச்சிமருந்தின் எச்சம் உடுத்தும் துணியில் ஏறியது என்பதே அச்சம் தருவது. அம்முயற்சி வேண்டவே வேண்டாம்.

கருவி புதிதன்று. அமெரிக்காவில் பிரான்சிஸ் ஸ்டான்லி என்பவர் 1876-இல் இவ்வகைத் தெளிப்புக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். சில ஆண்டுகளில் ஆப்னர் பீலர் என்பவர், நகைப் பட்டறையில் கிடந்த உதிரிப் பொருள்களைக் கொண்டே வண்ணம் தீட்டும் கருவி ஒன்றைச் செய்தார். சார்லஸ் பர்டிக் 1893-இல் அமைத்த வடிவமே இன்று நம் கையில் இருப்பதற்கு முன்னோடி. பட்டறை உதிரியில் பிறந்த கருவிக்குப் பட்டணத்து விலை கொடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அறுபது துப்பட்டாக்கள்

கோவைக்கு வடக்கே ஒரு நெசவாளர் சங்கத்தில் நடந்ததை இங்கே எழுதியாக வேண்டும். சங்கத்தின் பெயர் தேவையில்லை. உறுப்பினர் வீட்டுப் பெண்கள் நால்வருக்கு இத்தொழிலைப் பழக்க நிர்வாகக்குழு தீர்மானம் இயற்றியது. வெளிநாட்டுத் தூரிகைகள் இரண்டு வாங்கினர். வெளியூரிலிருந்து ஒருவர் வந்து இரண்டு நாள் கற்பித்துச் சென்றார். அத்தீர்மானத்தின்மீது ‘ஆட்சேபம் இல்லை’ என்று குறிப்பெழுதியவர் நாமே. பெண்கள் ஊக்கத்தோடு உழைத்து அறுபது துப்பட்டாக்களில் தாமரையும் கொடியும் தீட்டினர். கண்காட்சி ஒன்றில் அத்தனையும் விற்றன. இரண்டு வாரம் கழியுமுன் ஒவ்வொன்றாகத் திரும்பி வரத் தொடங்கின. முதல் சலவையிலேயே பூக்கள் நீரோடு போயிருந்தன.

வண்ணம் போலி என்று செயலாளர் எண்ணினார். சூட்டிரும்பு போதவில்லை என்று நாம் எண்ணினோம். நால்வருள் ஒருத்தியின் பாட்டி, நாற்பது ஆண்டு தறியில் அமர்ந்தவர், திரும்பி வந்த துப்பட்டா ஒன்றைக் கசக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏனுங்க சார், கஞ்சித் துணியில அடிச்சாப் பூவு எப்படீங்க ஒட்டும்? கஞ்சி மேலதான ஒட்டியிருக்குது. கஞ்சி போனா அதுவும் போகுமுங்க. எங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தாச் சொல்லியிருப்போமுங்க.”

ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. கோப்பில் கையொப்பமிட்ட நாமும் கேட்கவில்லை. விலையைத் திருப்பிக் கொடுத்த வகையில் சங்கத்துக்கு நட்டம். நான்கு பெண்களுக்கும் ஒரு மாதக் கூலி நின்றது. அதில் இருவர் மறுபடி தூரிகையைத் தொட மறுத்துவிட்டனர்.

துணி முதலில்

பாவு நூல் அறாதிருக்க ஏற்றும் கஞ்சி, நெய்து முடித்த பின்னும் துணியில் தங்கியே இருக்கும். ஊடையில் கஞ்சி இல்லாவிட்டாலும் பாவில் உண்டு. ஆதலின் வண்ணம் தீட்டுமுன் கஞ்சி எடுத்தாக வேண்டும். பருத்தியானால் ஓர் இரவு வெதுவெதுப்பான நீரில் ஊற வைத்து, மறுநாள் சோப்பும் சிறிது சலவைச் சோடாவும் இட்ட நீரில் கொதிக்க வைத்து, பலமுறை அலசி நிழலில் உலர்த்தலாம். சாய நூல் கலந்த துணியை முதலில் ஒரு துண்டில் சோதித்துவிட்டே கொதிநீரில் இட வேண்டும். கோவைக் கோராப் பருத்தி போன்று பட்டு நூல் கலந்தவற்றைச் சோடாவில் கொதிக்க வைத்தல் கூடாது. காரம் பட்டின் வலுவைக் கெடுக்கும். அவற்றுக்கு மென்மையான சோப்பும் இளஞ்சூட்டு நீரும் போதும். அலசலில் துணிமென்மைத் திரவங்களைச் சேர்க்க வேண்டாம்; அவையும் வண்ணத்தைப் பிடிக்க விடா.

கஞ்சி முற்றும் போயிற்றா என்று அறிய மருந்துக் கடையில் கிடைக்கும் டிங்சர் அயோடின் ஒரு சொட்டுப் போதும். அதனை நீரில் கலக்கி, வெட்டி எடுத்த மூலைத்துண்டின்மேல் ஒரு துளி விட வேண்டும். கருநீலமாக மாறினால் மாவுக் கஞ்சி இன்னும் இருக்கிறது; அயோடினின் பழுப்பு நிறமே நின்றால் துணி தயார். அறுபது துப்பட்டாக்களைக் காத்திருக்கக் கூடிய செலவு இந்த ஒரு புட்டிதான்.

காற்று இரண்டாவது

காற்று சீராக வராவிட்டால் எத்தனை உயர்ந்த தூரிகையும் துப்பும், இழுக்கும், நிற்கும். புதிதாய்ப் பழகுவோர் அதனைத் தம் கைக்குற்றம் என்று எண்ணி மனம் தளர்வர். ஆகவே கையிலுள்ள பணத்தில் பெரும்பங்கு காற்றுக்கே போக வேண்டும்.

துணி வேலைக்குச் சதுர அங்குலத்துக்கு 30 முதல் 50 பவுண்டு வரை அழுத்தம் தேவை. லாரிக்குக் காற்றடிக்கும் கடையில் சொல்லும் அதே பவுண்டுதான். ஆறில் ஒரு குதிரைத் திறன் கொண்ட சிறு கம்ப்ரசர், நிமிடத்துக்கு 20 லிட்டர் அளவில் காற்றுத் தருவது, ஒரு தூரிகைக்குப் போதும். ஆனால் மூன்று உறுப்புகள் அதனோடு இருத்தல் வேண்டும்: அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர், ஈரத்தைப் பிடிக்கும் நீர்ப்பிடிப்பான், சிறிய காற்றுக் கலம். கலம் இல்லையேல் காற்று துடித்துத் துடித்து வரும். நீர்ப்பிடிப்பான் இல்லையேல் ஐப்பசி மழையில் குழாயில் சேரும் நீர், பாதிப் பூவில் ஒரு சொட்டாக வந்து விழும்.

கம்ப்ரசர் என்னும் சொல் நம் ஊருக்கு அந்நியமன்று. எல்ஜி நிறுவனம் 1960-இல் தோன்றியது கோவையில்தான். பட்டறைகள் நிறைந்த இப்பகுதியில் பழைய கம்ப்ரசர் வாங்குதலும் எளிது. பழுது பார்ப்பாரும் உண்டு. ஆனால் பழையது வாங்கினால் கலத்தின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். நீர் தேங்கித் துரு உள்ளிருந்தே அரிக்கும். துருவேறிய கலம் வெடித்தால் ஆள் பிழைப்பதரிது. நீரழுத்தச் சோதனை செய்யாத கலத்தை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்கும் பாதுகாப்பு வால்வு இல்லாத எதையும் வாங்க வேண்டாம்.

பழைய குளிர்பெட்டியின் கம்ப்ரசரைக் கழற்றி இதற்குப் பயன்படுத்துவோர் உண்டு. சத்தம் குறைவு என்பது உண்மையே. எனினும் அதன் எண்ணெய் காற்றோடு வந்து துணியில் கறையாகும். உள்ளிருக்கும் குளிர்வாயுவை எடுப்பதும் தேர்ந்தவர் வேலை. நெசவாளர்க்கு இதனை நாம் பரிந்துரைப்பதற்கில்லை.

பழகும் காலத்துக்கு ஒரு பழைய உபாயம் இருக்கிறது. காரின் ஸ்டெப்னிச் சக்கரத்தில் 40 பவுண்டு காற்றடித்து, வால்விலிருந்து ஓஸ் இணைத்தால், சிறு தூரிகை மூன்று நான்கு நிமிடம் ஓடும். அழுத்தம் இறங்கிக்கொண்டே வருவதால் முழு வேலைக்கு ஆகாது. கோடும் புள்ளியும் போட்டுக் கை பழகப் போதும். டயரில் பொறித்துள்ள அளவைத் தாண்டிக் காற்று ஏற்றலாகாது. டிராக்டரின் பெரிய டயர் பெரிதாயிருப்பதால் நன்று என்று எண்ண வேண்டாம். அது குறைந்த அழுத்தத்தில் ஓடுவது.

இவை எல்லாவற்றிலும் சிறந்த வழி, சங்கக் கட்டடத்தில் பொதுக் கம்ப்ரசர் ஒன்று வைப்பதே. சற்றுப் பெரியது ஒன்று வாங்கி நான்கு வாய்கள் வைத்தால், நால்வர் ஒருங்கே வேலை செய்யலாம். உறுப்பினர் தம் சொந்தத் தூரிகையை மட்டும் கொண்டு வந்தால் போதும். தனியாரிடம் வட்டிக்கு வாங்கி வீட்டுக்கு ஒரு கம்ப்ரசர் வைப்பதற்காகக் கூட்டுறவு ஏற்படவில்லை.

தூரிகை

தூரிகையில் இருவகை உண்டு. விசையை அழுத்தினால் காற்றும் வண்ணமும் சேர்ந்தே வருவது ஒன்று. அழுத்தினால் காற்று, பின்னிழுத்தால் வண்ணம் என இரண்டையும் விரலே ஆள்வது மற்றொன்று. முதல் வகை மலிவு; அச்சுத்தகடு வைத்து ஒரே சீராகத் தெளிக்க அதுவே போதும். நிழலும் ஒளியுமாகப் பூவிதழ் தீட்ட விரும்புவோர்க்கு இரண்டாவது வேண்டும். மூக்கின் அளவு முக்கியம். தாளில் நுண்படம் எழுத 0.2 அல்லது 0.3 மில்லிமீட்டர் என்பர். துணிவண்ணம் தடித்தது, 0.5 மில்லிமீட்டர் மூக்கே அடைபடாமல் ஓடும். கடைக்காரர் 0.2 உயர்ந்தது என்று கூறி அதிக விலைக்குத் தந்தால் வாங்க வேண்டாம். உதிரி மூக்கும் ஊசியும் அவ்வூரிலேயே கிடைக்கும் வகையைத் தேர்ந்தெடுத்தால் பின்னால் அலைய நேராது.

ஓர் உறுப்பினரிடம் 10,000 ரூபாய் இருப்பதாகக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம்; விலை கடைக்குக் கடை மாறும். ரெகுலேட்டருடன் கூடிய கம்ப்ரசருக்கு 5,500, தூரிகைக்கு 1,800, மூன்று முதன்மை வண்ணமும் வெள்ளையும் கரைப்புத் திரவமும் வாங்க 1,200, முகமூடி, உதிரி ஊசி, கழுவு தூரிகைகளுக்கு 800. மிச்சமுள்ள 700-ஐ இருப்பாக வைக்க வேண்டும்; முதல் மாதத்தில் ஊசிமுனை ஒன்றாவது வளையும். பத்து நிறங்கள் அடங்கிய பெட்டி தேவையில்லை. சிவப்பு, மஞ்சள், நீலம் கலந்து மற்றவற்றை ஆக்கிக்கொள்வது சாயத்தோடு பழகிய நம்மவர்க்குக் கைவந்ததே.

தொடக்கத்தில் நீரில் கரையும் துணிவண்ணங்களையே கொள்க. இவை நிறமியும் பசையும் சேர்ந்தவை, சூட்டினால் நிலைபெறும். 1956-இல் வந்த வினைபுரி சாயங்கள் பருத்தியோடு இரசாயன முறையில் பிணைவதால் துணியின் மென்மை கெடாது. ஆனால் சோடாவும் ஊறும் நேரமும் பல அலசல்களும் கேட்பவை. அலசிய நீர் எங்கே போகும் என்ற கேள்வியும் எழும். நொய்யல் கரை உறுப்பினர்க்கு இதை விரிக்க வேண்டியதில்லை. சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிக் கீழுள்ள நிலங்களைக் கெடுத்ததும், 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதும் நம் காலத்துச் செய்திகள். காற்றுத் தூரிகையில் கழிவு ஒரு டம்ளர்தான். அந்த டம்ளரையும் வாய்க்காலில் கொட்டாமல், ஒரு வாளியில் சேர்த்து வெயிலில் வற்றவிட்டு, அடியில் நிற்கும் வண்டலைத் தனியே எடுத்து வைக்க வேண்டும்.

கை பழகுதல்

வண்ணத்தைப் பால் பதத்துக்குக் கரைத்து மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். வடிகட்டாமல் ஊற்றுவோரே மூக்கு அடைகிறது என்று முறையிடுவோர். முதலில் காற்றைத் திற, பிறகு வண்ணம். நிறுத்தும்போது முதலில் வண்ணம், பிறகு காற்று. கை நகரத் தொடங்கிய பின்னரே வண்ணம் வர வேண்டும். கை நிற்குமுன் வண்ணம் நிற்க வேண்டும். இல்லையேல் கோட்டின் இரு முனையிலும் குமிழ் விழும். முதல் வாரம் கழிவுத் துணியில் புள்ளிகள் மட்டும், பின் கோடுகள், பின் அடர்த்தியிலிருந்து வெறுமைக்கு இறங்கும் நிழல். நாள்தோறும் அரைமணி போதும். பூவுக்கு அவசரப்பட வேண்டாம்.

வண்ணம் சிலந்திக் கால்கள்போல் ஓடினால் தூரிகை மிக அருகில் உள்ளது, அல்லது வண்ணம் மிக நீர்த்துள்ளது. மணல்போல் கொரகொரப்பாக விழுந்தால் அழுத்தம் போதாது, அல்லது வண்ணம் தடித்துள்ளது. ஒரே படையில் நிறம் வர வேண்டும் என்று நனைய நனைய அடித்தால் பின்பக்கம் ஊறிக் கசியும். மெல்லிய படை, உலர்ந்தபின் மற்றொன்று. கருந்துணியில் வெள்ளை அடிப்படை இட்டாலன்றி நிறம் தெரியாது; ஆகவே வெளிர்துணியில் தொடங்குக.

வேலை முடிந்தவுடன் கழுவுதல் வேண்டும். உணவுக்கு எழுந்து போய் வருவதற்குள் மூக்கில் வண்ணம் உறைந்துவிடும். குண்டூசியால் குத்தி அடைப்பெடுத்தால் மூக்கு விரியும். விரிந்த மூக்கு மறுபடி கூடாது. காற்றோட்டமுள்ள திண்ணையில், என்-95 முகமூடி அணிந்து வேலை செய்க. நீர்வண்ணம்தானே என்று முகமூடியைக் கழற்றி வைப்பவர் அன்று மாலை மூக்கைச் சிந்திப் பார்த்தால் உண்மை தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக்காற்று வீசும் நாள்களில் திறந்த வெளியில் இவ்வேலை நடவாது; மூன்று பக்கமும் தட்டி கட்டிக்கொள்ள வேண்டும்.

ஓவியம் வராதவர் அச்சுத்தகடு வெட்டிக்கொள்ளலாம். பழைய எக்ஸ்ரே படலம் இதற்கு ஏற்றது. கழித்துப் போட்ட ஜக்கார்டு அட்டைகளில் மெழுகு தேய்த்து, துளையில்லாப் பகுதியில் வெட்டிக் கரைப்பூவுக்குப் பயன்படுத்திய உறுப்பினர் ஒருவரைக் கண்டு மகிழ்ந்தோம். தறிக்கு வரைந்த கட்டத்தாள் மாதிரிகளையே தகடாக்கினால், பிற ஊரார் பகர்த்த முடியாத நம் கரைகள் நமக்கே நிற்கும்.

நிலைநிறுத்தலும் சோதனையும்

தீட்டிய துணியை ஒரு நாள் முழுதும் உலர விட்டு, பின்பக்கமிருந்து, அல்லது மேலே ஒரு துணியிட்டு, பருத்திக்குரிய சூட்டில் இடத்துக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் இஸ்திரி செய்ய வேண்டும், நீராவி கூடாது. புட்டியின்மேல் வேறு அளவு கூறியிருப்பின் அதுவே விதி. பட்டுக் கலப்புக்குச் சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டுக. ஒவ்வொரு புதிய வண்ணத்துக்கும் ஒரு முழத் துணியில் தீட்டி, ஐந்து முறை துவைத்து, வெயிலில் காய்த்து, நனைந்த வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்காமல் விற்பனைக்கு அனுப்பக் கூடாது. பெரிய கட்டளை வந்தால், 1956 முதல் கோவையில் இயங்கும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமாகிய சிட்ராவில் சாய உறுதிச் சோதனை செய்து சான்று பெறலாம். ஒன்று முதல் ஐந்து வரை தரம் கூறுவர், ஐந்தே உயர்ந்தது.

எல்லாத் துணியும் தீட்டுவதற்கு உரியதன்று. பவானி ஜமக்காளத்தின் அழகு நெசவிலேயே உள்ளது. அதன் தடித்த முகம் வண்ணத்தைக் குடிக்குமேயன்றிக் காட்டாது. நெகமம் சேலையின் கட்டத்தின்மேல் பூத்தெளிப்பது நமக்கு உடன்பாடில்லை. அது எம் விருப்பு வெறுப்பு என்று கொள்வாரும் கொள்க. ஆனால் தீட்டிய பூவை நெய்த பூவென்று விற்றல் விருப்பு வெறுப்பன்று, ஏமாற்று. 2006 முதல் வழங்கும் கைத்தறி முத்திரை நெசவுக்குத்தான் உறுதி கூறுகிறது. ‘கைத்தறித் துணி, கையால் வண்ணம் தீட்டியது’ என்று சீட்டில் இரண்டையும் எழுதுக.

விளைபொருள் சங்கத்தார், மஞ்சள் மூட்டைகளில் சங்கப் பெயர் பதிக்க இக்கருவி வேண்டுமா என்று கேட்டிருந்தனர். வேண்டா. தகடும் கட்டைத் தூரிகையும் போதும். சாக்கின் வெளிமுகத்தில் மட்டும், உலர்ந்த கையாக ஒற்றி எடுத்தால் உள்ளிருக்கும் மஞ்சளுக்குத் தீங்கு நேராது.

முன்சொன்ன சங்கத்தில் இப்போது அறையின் மூலையில் பொதுக் கம்ப்ரசர் ஒன்று ஓடுகிறது. தூரிகையை விட்டுச் சென்ற இருவருள் ஒருத்தி திரும்பி வந்திருக்கிறாள். சென்ற தணிக்கையில் அவர்கள் வைத்துள்ள பதிவேட்டைப் பார்த்தோம். துணிக்குத் துணி வண்ணச் செலவு, மின்சாரம், பழுதானவை, செலவிட்ட மணி, அந்த மணிக்குரிய கூலி என்று பத்திகள் இட்டிருந்தனர். 10,000 ரூபாய்க் கருவியை 500 துணிகளுக்குப் பங்கிட்டால் துணிக்கு 20 ரூபாய் என்று கருவித் தேய்மானமும் எழுதியிருந்தனர். முதல் பத்தியின் தலைப்பு ‘அயோடின்’. ஒவ்வொரு வரியிலும் அதன்கீழ் அந்தப் பாட்டியின் கைநாட்டு இருந்தது.